நித்தியகல்யாணித் தழை

“காட்டுல ஒளிஞ்சிருக்கிற எவனுக்கு இந்த மருந்து? சொல்லு!”

ரப்பர் தோட்டத்துக் கேட்டில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சேகரன், இருசம்மாளின் கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். வேரோடு பிடுங்கிய நித்தியகல்யாணிச் செடிகள் ஊதாப் பூக்களோடு செம்மண்ணில் விழுந்தன.

பக்கத்து லயத்து வீட்டு இருசம்மாளை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். போன வாரம் ரெம்பியா சாலையில் அவன் கூட்டாளி ரஹீமை, வெள்ளைக்கார அரசை எதிர்க்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் சுட்டுப்போட்டார்கள். அதன்பிறகு அந்த முள்கம்பி வேலியைத் தாண்டுகிற எல்லோருமே அவனுக்கு எதிரிகள்.

“சுடுகாட்டு ஓரத்துல கெடந்த செடிடா இது! வெளிய இருந்து உள்ளதானே கொண்டாரேன்?” இருசம்மாளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

“உள்ள வச்சுக் காய்ச்சி, போத்தல்ல ஊத்தி அனுப்பத்தானே? எங்களுக்கும் தெரியும்லா.”

அந்த வழியாக வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் தனபாலன் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஓர் இலையை எடுத்துக் கசக்கிப் பார்த்தார்.

“எதுக்கு இருசம்மா இது?”

“மாருப் புத்துநோய்க்கு, ஐயா. டவுன் ஆஸ்பத்திரியில முத்திப்போச்சு, அறுக்க முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க.”

“இந்த இலையில ஏதோ கடுமையான சத்து இருக்கு. அளவு தப்பினா ஆளையே சாய்ச்சிரும். அதைத் தனியாப் பிரிச்சு எடுத்து, கட்டியைக் கரைக்குமான்னு யாராவது சோதிச்சுப் பார்க்கணும்.”

“அவங்க சோதிச்சு முடிக்கிற வரைக்கும் அவ உயிரோட இருக்கணுமே!”

“அவன்னா யாரு? பேரைச் சொல்லு,” என்றான் சேகரன்.

இருசம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“பார்த்தீங்களா டிரஸர்?” சேகரன் பூட்ஸ் காலால் செடிகளை மிதித்து நசுக்கினான்.

“மிதிக்காதடா பாவி!” அவள் இரண்டு கையாலும் அவனைப் பிடித்துத் தள்ளினாள். “அவசரகாலம்னு சொல்லி அரிசியை அளந்து போடுறீங்க. ஆக்கின சோத்தை வெளிய விட மாட்டேங்கிறீங்க. நோவு கண்டவ பச்சிலை குடிக்கவும் உங்ககிட்ட பாஸ் வாங்கணுமா?”

சேகரன் அவள் கைகளை முறுக்கிப் பின்னால் கட்டினான்.

“விட்டுடு சேகரா,” என்றார் தனபாலன். “கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே.”

“ரஹீமைச் சுட்டவனுங்களுக்கு உதவுறவ இவ! குடும்பத்தோட நாடு கடத்திக் கப்பலேத்தாம விட மாட்டேன்.”

ரோந்து வந்த போலீஸ் லாரி புழுதியோடு வந்து நின்றது. ஏறும்போதும் இருசம்மாள் யார் பேரையும் சொல்லவில்லை. நசுங்கிக் கிடந்த தழையைப் பார்த்துக் காறித் துப்பினாள். எச்சில் அவன் பூட்ஸ் மேல் விழுந்தது.

சேகரன் கையை ஓங்கினான்.

“டேய்!”

லயத்துப் பக்கமிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள் அவன் தாய் கமலவேணி. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சிரைத்து நின்றாள், மறுபடி ஓடினாள்.

“நீ எதுக்கும்மா இங்க வந்தே? வீட்டுக்குப் போ!”

அவள் அவனைத் தாண்டிப் போய், மண்ணில் உட்கார்ந்து, நசுங்கிய இலைகளை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கினாள்.

“அவளை இறக்கி விடுடா. உன் கல்யாணம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

“நீ எதுக்கும்மா சத்தியம் வாங்கணும்?” என்றான் சேகரன்.

“புத்து எனக்குடா.”