இரண்டு வரிசையும் ஒரு முழமும்

தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோட்டம் போடத் தெரியும் என்றொரு நம்பிக்கை கொழும்பு முதல் ஹட்டன் வரை பரவியிருக்கிறது. இது பிழை. முதலாவது தோட்டம் தேயிலை. இரண்டாவது தோட்டம் மரக்கறி. சொல் ஒன்று என்பதற்காக அறிவும் ஒன்றாகிவிடாது.

இதற்கு உயிருள்ள சான்று விஜேந்திரன். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தினார். ஓய்வு பெற்றுத் திரும்பியதும், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது மூடிக்கிடந்த பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய மரக்கறித் தோட்டத்துக்குச் செயலாளர் ஆனார். எழுதத் தெரிந்தவர் என்பதுதான் தகுதி.

ஆளுக்கொரு பாத்தி. மற்றவர்கள் முன்னதாகவே கோவா என்கிற முட்டைக்கோசுக்கும் வெங்காயத் தாள் போன்ற லீக்ஸுக்கும் நாற்று விட்டிருந்தார்கள். அவர் கரட் விதைத்தார், ஓர் அங்குலமும் வீணாகாமல். மூன்று வாரத்தில் ஆறு வரிசையும் பிரஷ் மயிர்போல எழுந்து நின்றன.

"பாத்தீங்களா? ஒரு வெதகூட பழுது போகல!"

"அடர்த்தியாத்தான் வந்திருக்குங்கய்யா," என்றார் பக்கத்துப் பாத்திக் கந்தப்பன், வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எடுத்து.

அடுத்த வாரம் ஒரு வரிசை மெலிந்துபோயிருந்தது. மறுநாள் இன்னொன்று.

மூன்றாம் நாள் விடியும்போதே விஜேந்திரன் பிள்ளைக் காம்பராச் சுவரோரம் குந்திக்கொண்டார். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில் ராக்காயி பாத்திகளுக்குள் வந்தாள். கொழுந்து எடுக்கிறவள், ஏழாம் பாத்திக்காரி. நேரே அவருடைய பாத்திக்குப் போய்க் குனிந்தாள்.

"ஆ! அம்புட்டுக்கிட்டியா!"

அவள் மடியிலிருந்து பச்சைப் பசேலென்று கரட் நாற்று கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது.

"மடியில என்ன இருந்துச்சு?"

"கரட்டுங்கய்யா."

"யாரு பாத்தியில?"

"ஒங்க பாத்திங்க."

"எத்தன நாளா நடக்குது?"

"மூணு நாளுங்க. அன்னைக்கித்தான் மூணாவது வரிசையில கை வச்சேன்."

"கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கா பாருங்க! புடுங்கின நாத்தெல்லாம் எங்க கொண்டுபோய் நட்ட?"

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். அது தும்மல்தானா என்பது சந்தேகம்.

கந்தப்பன் எழுந்தார். "ஐயா, கரட்டப் போயி யாராச்சும்..."

"கந்தப்பண்ணே, நீங்க ஒக்காருங்க," என்றாள் ராக்காயி. பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள். "கேக்காம கை வச்சது தப்புதாங்கய்யா."

தீர்மானம் நிறைவேறியது. ஏழாம் பாத்தி பறிமுதல். விரும்பிக் கேட்பவருக்குக் கொடுக்கப்படும். இரண்டு மாதம் வளர்த்து அந்த வாரம்தான் நட்டிருந்த லீக்ஸ் நாற்றை ராக்காயி ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவள் லயத்து வாசலில் மண் கிடையாது. சிமெந்தும் தண்ணீர் ஓடும் கானும்தான்.

கரட் பிடுங்கும் நாளில் விவசாயப் போதனாசிரியை லோஜினி வந்திருந்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். விஜேந்திரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் கொத்தைப் பிடுங்கினார்.

சணல் கயிறு வந்தது.

அடுத்ததும் அப்படியே. ஒன்றோடொன்று பின்னி, வெளிறிப்போய், எலிவால் எலிவாலாக. மறுகோடியில் இரண்டு வரிசையும், மூன்றாவதில் ஒரு முழமும் மட்டும் கைக்கு அடங்காத கரட்.

"இந்த எடத்துல மட்டும் யாருங்கய்யா கலைச்சு விட்டது?" என்று கேட்டார் லோஜினி.

"கலைச்சா?"

"நெருக்கமா மொளச்சா எடையில உள்ளதப் புடுங்கி எறியணுமே, அப்பத்தானே மத்தது பருக்கும். நல்லாத் தெரிஞ்ச கை. ஆனா ஏன் இந்த ஒரு முழத்தோட நிப்பாட்டிட்டாங்க?"

கந்தப்பன் ஏழாம் பாத்திப் பக்கம் திரும்பினார்.

விஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "புடுங்கினத... வேற எடத்துல நட்டுக்க ஏலாதா, மிஸ்?"

"கரட்டயா?" லோஜினி சிரித்துவிட்டார். "புடுங்கி நட்டா கெழங்கு கோணல் மாணலாப் போயிருங்கய்யா. மாட்டுக்குத்தான் போடணும். இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விஜேந்திரன் கந்தப்பனைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தாங்க எந்திரிச்சேன். அவதான் ஒக்கார வச்சிட்டாளே."

அன்று மாலையே, பாத்தியைத் திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தைத் தன் கையால் எழுதி, ஒரு பை பருத்த கரட்டோடு விஜேந்திரன் லயத்துக்குப் போனார். ராக்காயி வாசலில் பழைய உரச் சாக்குகளில் மண் நிரப்பி லீக்ஸ் நட்டிருந்தாள். பாதிதான் பிழைத்திருந்தது.

"ராக்காயி, நான் அன்னைக்கி..."

காகிதத்தை நீட்டினார்.

"இருக்கட்டுங்கய்யா. எனக்கு இந்தச் சாக்கே போதும்." பையை எட்டிப் பார்த்தாள். "கரட்டு நல்லா வந்திருக்குங்களே!"

"கூட்டத்துல ஏன் நீ வாயத் தொறக்கல?"

பக்கத்துக் காம்பராக்களில் தலைகள் நீண்டிருந்தன. ராக்காயி அவை உள்ளே போகும்வரை சாக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அடுத்த தடவ வெதையில மணலக் கலந்து தூவுங்கய்யா. நெருக்கம் வராது."

ஏழாம் பாத்தியை இதுவரை யாரும் கேட்கவில்லை.