வலப்பக்கம் மூன்று

சிப்பிப் பண்ணை வேலை முடிந்து வந்த லியான், தம்பி ரீஸின் நோட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எக்ஸ்ல மூணைக் கழிச்சா வரைபடம் வலப்பக்கம் போகும்டா. இடப்பக்கம் தள்ளியிருக்கே!”

“குறைச்சா பின்னாலதானேக்கா போகணும்?”

“துறைமுகத்துல ஏறுற கடல் தண்ணி நம்ம பண்ணைக்கு எப்ப வருது?”

“மூணு மணி நேரம் பிந்தி.”

“இப்ப இங்க நிக்கிறது, மூணு மணி நேரம் முன்னாடி அங்க நின்ன தண்ணி மட்டம். அதே ஏத்தம், அதே இறக்கம், எல்லாம் லேட்டு. அப்ப வரைபடம் எந்தப் பக்கம் போகும்?”

ரீஸ் பென்சிலை வலப்பக்கம் நகர்த்தினான். முகம் தெளிந்து, உடனே வாடியது.

“நேத்து போர்டுல தப்பாப் போட்டுட்டேன்க்கா. நாளைக்கு கிளாஸே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். தப்புன்னு சொல்லித் திருத்து.”

“எப்படிக்கா? பத்தொன்பது பேரும் அதைப் பார்த்து எழுதிட்டாங்களே!”

அவன் கழுத்தில் தொங்கிய விசிலை லியான் சுண்டிவிட்டாள்.

“கணக்கு டீச்சர் ஊரை விட்டுப் போனா, விளையாட்டு வாத்தியார் தலையில கட்டுவாங்களா? முதல்ல போர்டை அழிங்க, சார்!”