சிவப்புத் தொப்பி, நீலத் தொப்பி

“சிவப்பைத்தான் எடுப்பான். இருந்து பாருமன்” என்றான் றஜீவன், சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே.

“அவன் எதையாவது எடுக்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் இண்டைக்கு எண்டாலும் முகம் குடுத்துக் கதையுங்கோ. எனக்கு அது காணும்” என்றாள் சுவர்ணா.

“உம்மடை அண்ணரை முதல்லை கதைக்கச் சொல்லும்.”

சொல்லிச் சொல்லிச் சுவர்ணாவுக்கு வாய் நொந்துவிட்டது.

அமெரிக்காவில் கூடைப்பந்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். கூப்பிட்ட கல்லூரிகளின் தொப்பிகளை முன்னால் வைத்து, எல்லோரும் பார்க்க ஒன்றை எடுத்துத் தலையில் போடுவான் பிள்ளை. அத்தோடு முடிவு. கடலுக்கு இந்தப் பக்கம் எட்மண்டனில் இருந்துகொண்டு இந்தத் தொப்பி விவகாரத்தில் நித்திரை கெட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் சுவர்ணாவின் புருஷன் றஜீவன். மற்றவர் அவளுடைய அண்ணன் டினேஷ். புருஷனுக்குச் சிவப்புத் தொப்பிக் கல்லூரி என்றால் உயிர். அண்ணனுக்கு நீலம்.

போன கோடை வரை இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகிதர்கள். சனி ஞாயிறு வந்தால் வால்தம்ஸ்டோவில் நடக்கும் இளைஞர் போட்டிகளுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் லெஸ்லி என்ற நெட்டைப் பையனைக் கண்டுபிடித்தார்கள். அவன் சிவப்புக்குத்தான் போவான் என்று இவன், நீலத்துக்குத்தான் என்று அவர். லெஸ்லி பச்சைத் தொப்பியை எடுத்தான்.

“நீதான் பெடியனைக் குழப்பிப்போட்டாய்” என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு அன்றைக்கு முறிந்ததுதான். லெஸ்லி அமெரிக்காவில் சந்தோஷமாகப் பந்து எறிந்துகொண்டிருக்கிறான். நடுவில் கிடந்து நசிந்தவள் சுவர்ணா. இந்த நாட்டில் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது டினேஷ் ஒருவர்தான். அவரும் றஜீவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் மருமகன் அகரனை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இன்றைக்கு அகரனின் முறை. தொப்பி வைத்தே ஆகவேண்டும் என்று றஜீவன் ஒற்றைக்காலில் நின்றான். நீலமும் வைத்தால்தான் வருவேன் என்று டினேஷ் சொல்லியனுப்பினார்.

வாசல் மணி அடித்தது. கையில் நீலத் தொப்பியோடு டினேஷ் நின்றார். பின்னால் போட்டி பார்க்கிற கூட்டாளிகள் நாலைந்து பேர்.

“வாங்கோ அண்ணா.”

“பெடியன் எங்கை பிள்ளை?”

“நித்திரை. ராத்திரி தானும் படுக்கேல்லை, என்னையும் படுக்க விடேல்லை.”

“பின்னை? பெரிய நாளெல்லே” என்றார் டினேஷ் பெருமையாக. “அவன்ரை கையைப் பார்த்தனியே? பந்து பிடிக்கவெண்டே படைச்ச கை. நீலத்துக்காரர் விடமாட்டினம்.”

றஜீவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “சிவப்புக்காரருக்கும் கண் இருக்கு.”

டினேஷ் யன்னலைப் பார்த்துச் சொன்னார்: “கண் இருந்தால் மட்டும் காணாது.”

பாவம், சுவரும் யன்னலும் என்ன பாவம் செய்தனவோ!

சுவர்ணா குசினிக்குள் போனாள். அங்கே றஜீவனின் அக்கா யோகமலர் பலகாரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“பயமாயிருக்கு மச்சாள். சிவப்பை எடுத்தால் அண்ணா சாப்பிடாமல் போயிடுவார். நீலத்தை எடுத்தால் இவர் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டிருப்பார்.”

“ரெண்டையும் தொடாதை எண்டு அவன்ரை காதிலை போட்டு வையன்.”

“ஆற்றை சொல்லைக் கேக்கிறான் அவன்?”

“உன்ரை கொண்ணனும் என்ரை தம்பியும் மட்டும் கேக்கினமே? வளர்ந்ததுகளாம்!” என்றாள் யோகமலர்.

ஹோல் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. எல்லோர் கையிலும் போன். அகரனைக் கொண்டுவந்து நடுவில் இருத்தினார்கள். புதுச் சட்டை, கண்ணில் இன்னும் நித்திரைக் கலக்கம். ஒரு பக்கம் “சிவப்பு!” என்று கத்தியது. மறுபக்கம் “நீலம்!” என்று கத்தியது. அவன் மிரண்டுபோய் அம்மாவைத் தேடினான். ஒன்றுமில்லை என்று சுவர்ணா தலையசைத்தாள்.

அகரன் கையை நீட்டினான். நீலத்துக்கு மேலே போன கை, அங்கே நிற்காமல் சிவப்பைப் பிடித்தது.

“சொன்னனான் எல்லே!” என்று றஜீவன் துள்ளினான். அவனுடைய கட்சி கைதட்டியது.

டினேஷ் சட்டைப் பைக்குள் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே கதவடிக்கு நடந்தார். சுவர்ணாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ அண்ணா” என்று கேட்க நினைத்தாள்; அதற்குள் அவர் கதவடிக்குப் போய்விட்டார்.

செருப்பை மாட்டப் போனவர், மனது கேட்காமல் மருமகனை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் பாய்ந்து ஓடி வந்தார்.

“மச்சான், தொப்பியைப் பறியடா! உச்சியிலை பொத்தான் கிடக்கு, விழுங்கிப்போடுவான்!”

“ஐயோ, நீ நாடியைப் பிடிச்சு அவன்ரை வாயைத் திற மச்சான், நான் இழுக்கிறன்!”

சுவர்ணாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நெற்றியோடு நெற்றி முட்ட முழங்காலில் நின்ற இரண்டு மச்சான்மாருக்கும் நடுவே, முதற்பல் முளைத்ததற்குத் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் வைத்ததில் எதை எடுக்கிறான் என்று பார்க்க இருத்தியிருந்த அவளுடைய எட்டு மாதக் குழந்தை, அந்த ஒற்றைப் பல்லால் தொப்பியைக் கவ்வியபடி விடவே மாட்டேன் என்று இருந்தான்.