பார்வையாளர் கேள்வி

சத்தியநேசனுக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் 'தேங்க்யூ'வும் 'நோ பார்க்கிங்'கும்தான். ஆனாலும் முக்கால் மணி நேரமாக முன்வரிசையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மேடையில் மகள் ஜாஸ்மி. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கல்லூரிக் கருத்தரங்க அறையில் பாதிப் பேர் சத்தியநேசன் வேன் பிடித்து அழைத்துவந்த திருச்சபை ஆட்கள். தக்கலைச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வியாபாரம் பண்ணுகிறவர் வீட்டு விசேஷம் என்றால் சும்மாவா. வாசலிலேயே ஆளுக்கொரு பொட்டலம் சிப்ஸ் கொடுத்திருந்தார்.

எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று இத்தனை வருஷம் அவர் கேட்டதில்லை. 'இங்கிலாந்து சரித்திரம்' என்பாள் அவள். 'படி, படி' என்பார் இவர். போன மாதம்தான், குலை இறக்கிக்கொண்டிருந்தபோது என்னவோ தோன்றிக் கேட்டுவைத்தார்.

"நானூறு வருஷத்துக்கு முன்ன, ஒரு பொண்ணு கன்னியா இல்லியாண்ணு அங்க எப்படியெல்லாம் சோதிச்சாவண்ணு எழுதியிருக்கேன்பா" என்றாள் ஜாஸ்மி, அவர் முகத்தைப் பார்க்காமல். கோர்ட்டே பெரிய வீட்டுப் பெண்களையும் மருத்துவச்சிகளையும் அனுப்பிச் சோதிக்கச் சொன்னதாம்.

சத்தியநேசன் தோளிலிருந்த குலையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் வியாபாரம் ஓடவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளை இரணியலில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த வாரமே காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள். படுக்கை விரிப்பில் ஒன்றும் இல்லையாம். பொண்ணு சரியில்லையாம். அவ்வளவுதான் பேச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பெற்ற தகப்பன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றார் மனுஷன். அந்தக் கேள்வி அதற்குப் பிறகு அவரை ஒருநாளும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

தேர்வின் கடைசியில் பார்வையாளர்களும் கேட்கலாம், அது சட்டம் என்று ஜாஸ்மி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சத்தியநேசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்றைக்குக் கேட்டே தீர்வது, நாலு பேர் முன்னால் கேட்பது.

நாலு பேர் போதாது என்றும் தோன்றிவிட்டது. சுற்றுவட்டாரச் சபைகளெல்லாம் அடங்கிய சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தையே கூண்டோடு அழைத்தார். சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற இரணியல் பூங்கனி டீச்சர், முட்டுவலி என்று நழுவப் பார்த்தார். சத்தியநேசனா விடுகிற ஆள்? டீச்சர் தலைமையில் சங்கம் போகிறது என்று ஆராதனை முடிவில் போதகரைக்கொண்டே அறிவிக்கச் செய்துவிட்டார். அதற்கப்புறம் முட்டுவலி எங்கே நிற்கும். டீச்சருக்கு மட்டும் தனிக் கார் அனுப்பி, தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்தார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மனைவி லீமா அவரோடு பேசுவதில்லை. இன்றைக்கும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடையேறியதும் ஜாஸ்மி முன்வரிசையைப் பார்த்தாள். பார்த்ததும் நாக்குத் தடுமாறிவிட்டது. ஐயோ, நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார் சத்தியநேசன். ஆனால் பிள்ளை ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள், அப்புறம் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி. திருவனந்தபுரத்துத் தேர்வாளர் கேட்கக் கேட்கப் பதில் வந்துகொண்டே இருந்தது. என்ன பதில் என்று சத்தியநேசனுக்கு விளங்கவில்லை. கேட்டவர் தலையாட்டுகிறார் என்பது விளங்கியது. போதாதா.

கடைசியில் தேர்வாளர் பார்வையாளர்கள் பக்கம் கையை நீட்டினார்.

சத்தியநேசன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மக்கா, சோதிச்சுப் பாத்துட்டு, பொண்ணு சரியில்லேண்ணு சொன்னாவளே. அவியளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜாஸ்மி அப்பாவையே பார்த்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷை அப்படியே விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"தெரியாதுப்பா. தெரியறதுக்கு வழியே கிடையாது. ரத்தம் வரும், வராமலும் இருக்கும். அந்தக் காலத்து வைத்தியன்மாருல பலபேரே இதை நம்பல்ல. விரிப்பைப் பாத்துச் சொன்னதும் பொய்யாக்கும், தொட்டுப் பாத்துச் சொன்னதும் பொய்யாக்கும்."

"கொஞ்சம் சத்தமா சொல்லு மக்கா."

"பொய்யாக்கும்" என்றாள், மைக்கை வாயருகே இழுத்து.

கடைசி வரிசையிலிருந்து ஒற்றைக் கைதட்டல் கேட்டது. லீமாதான். அடுத்து சங்கம் முழுக்கத் தட்டியது. என்ன ஏது என்று தெரியாத மாணவர்களும் தட்டினார்கள். தேர்வாளர் சிரித்துக்கொண்டே எழுந்து, இனி இவர் டாக்டர் ஜாஸ்மி என்று அறிவித்தார். கைதட்டல் இன்னும் கூடியது. சத்தியநேசனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. உடம்பில் பத்து வயது குறைந்துவிட்டது.

மேடையைப் பார்க்கவேண்டியவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே பூங்கனி டீச்சர் தட்டவும் முடியாமல், சங்கத்தார் முன்னால் தட்டாமல் இருக்கவும் முடியாமல், இரண்டு கையையும் சேர்த்து வைத்திருந்தார்.

சத்தியநேசன் அவர் பக்கம் குனிந்து, மரியாதை குறையாமல் கேட்டார்.

"சம்பந்திக்கு மனசிலாச்சா?"