ஆட்சேபம் உண்டா?

'ஒருத்தராவது எழுந்திருப்பாங்க. இவ்வளவு பெரிய குடும்பத்துல ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க?'

அவள் மனசுக்குள் ஓடியதைப் படித்தவன்போல, "யாரும் வர மாட்டாங்க," என்றான் தம்பி. பெஞ்சில் அவளை ஒட்டி உட்காராமல், இருவருக்கும் நடுவில் ஃபைலை வைத்திருந்தான்.

வாரிசு மனுக்களைப் பார்க்கும் அலுவலகம் அது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் குமாஸ்தா, நூல் சுற்றிய காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மனுவுக்கும், வாசலில் நிற்கும் சேவகர் இறந்தவர் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். சொத்து வாரிசுக்குப் போவதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் எழுந்து சொல்லிவிட வேண்டும். யாரும் எழாவிட்டால் முத்திரை விழுந்துவிடும்.

"உள்ளே வரும்போது உன்னை யாராச்சும் பார்த்தாங்களா?"

"என்னை யாருக்குடா அடையாளம் தெரியப்போகுது?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். போன வாரம் பேப்பரில் இந்த மனுவின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் அவனுக்குப் போன் செய்திருந்தாள். வீட்டை விட்டுப் போனவளின் குரலைப் பதினைந்து வருஷம் கழித்துக் கேட்கிறவன், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எங்கிருந்து பேசுகிறாய் என்றுதான் கேட்டான்.

"நான் வீட்டுக்கு ஆசைப்பட்டு வந்தேன்னு நினைக்கிறியா?"

"தாத்தா எழுதிவெச்ச பழைய வீடு. ஆசைப்பட அதுல என்ன இருக்கு? கூரை ஒழுகுது. மழை வந்தா பிள்ளைங்க கட்டிலை இழுத்துக்கிட்டு ரூம் ரூமா அலையுதுங்க. ரிப்பேருக்கு அனுமதி கேட்டா, உரிமையாளர் கையெழுத்து வேணுங்கறான். நான் எங்கே போய் வாங்கறது?" சுழலும் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். "நீ வாயைத் திறந்தா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சும்மா உக்காந்திரு, போதும். இத்தனை வருஷம் சும்மாத்தானே இருந்தே."

உண்மைதான். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

"சித்தப்பா என்ன சொன்னார்?"

"ஆட்சேபம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

"அத்தையுமா?"

"அத்தைதான் முதல்ல."

"அழுதாங்களா?"

"கண்ணாடியைக் காணோம்னு தேடினாங்க. அப்புறம் என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முந்தைய மனுவில், யாரோ ஒரு பெரியவருக்காக முதல் அழைப்பிலேயே நாலு பேர் எழுந்து கத்தினார்கள். ஒரு பீரோ யாருக்கு என்று சண்டை.

"செத்தும் அந்த மனுஷனுக்கு நிம்மதி இல்லை பாரு," என்று முணுமுணுத்தான் தம்பி.

கொடுத்துவைத்தவர், என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சேவகர் கொட்டாவியை முடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். 'காலஞ்சென்ற' என்று தொடங்கிப் பெயரை முழுசாகச் சொன்னார். வீட்டில் யாரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவார்கள். அந்த நீளப் பெயர் யாரோ அந்நியருடையதுபோல நடைவழியின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

"இந்த மனுவுக்கு ஆட்சேபம் உண்டா?"

யாரும் அசையவில்லை. அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"கிளம்பறியா? கீழே வந்து வண்டி பிடிச்சுத் தர்றேன்."

"இருக்கேன்."

"என்னத்துக்கு?"

யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்க்க, என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கேட்டுட்டுப் போறேன்," என்றாள்.

இரண்டாவது அழைப்பு. மாடிப்படியில் அவசரமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். காலி டீ டம்ளர்களை எடுத்துப் போக வந்தவர்.

தம்பி மூச்சை விட்டான். அதில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்பது அவளுக்குக் கேட்டது. காலையிலிருந்து அவன் தன்னை ஒரு தடவைகூட உறவு சொல்லிக் கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடச் சொல்லிக்கூட அந்த ஒரு வார்த்தையால் வீட்டைக் கிடுகிடுக்க வைத்தவன்.

"நீயாவது..." என்று ஆரம்பித்தாள்.

"நானாவது?"

"ஒண்ணுமில்லை."

மூன்றாவது அழைப்பு. இந்த முறை சேவகர் பெயரைப் பாதி விழுங்கிவிட்டார். குமாஸ்தா முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் அழுத்தினாள்.

அவள் எழுந்தாள்.

"அக்கா." தம்பி அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தான். குரல் உடைந்திருந்தது. "உக்காருக்கா. எனக்காக."

"முடியாதுடா," என்றாள் மெதுவாக. பையை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனாள்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தாள். "ஆட்சேபமா? வீட்டுக்குச் சொந்தக்காரங்க காணாமப் போய் இத்தனை வருஷமாகுது, தகவலே இல்லை, இறந்தவங்களாவே எடுத்துக்கலாம்னு உத்தரவும் வந்தாச்சு. அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"நான்தாங்க அவங்க."