சர்வர் கோளாறு

“பாதுகாப்பு, கனிவான சேவைன்னு போர்டுல எழுதினா போதுமா? கடையைத் தொறந்து வெச்சிகினு என்னாத்தப் பார்க்கறீங்க?”

சிங்காரவேல் போட்ட சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

சிலம்பரசன் அப்போதுதான் மாடியேறி வந்திருந்தான். சேத்தியாத்தோப்பில் ஒரு அரிசி மில்லின் வெப்சைட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். ஒன்றும் புரியாமல் இளவேனிலைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து நின்றாள்.

நெய்வேலிக்காரப் பிள்ளைகள் இருவரும். ஒரே காலேஜ். இரண்டு பேருடைய அப்பாவும் மைன்ஸில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ‘பெர்மனென்ட் வேலைக்குப் பரீட்சை எழுதாம இது என்ன கூத்து?’ என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டும், மந்தாரக்குப்பம் மெயின் ரோட்டு மாடியில் துணிந்து வெப் ஹோஸ்டிங் தொடங்கியவர்கள். சுற்றுவட்டார வியாபாரிகளின் வெப்சைட்டுகளை சர்வரில் வைத்து, களவு போகாமல் காவல் காப்பது வேலை. எந்தச் சந்தேகத்துக்கும் தமிழிலேயே போனில் பதில் கிடைக்கும். அதனாலேயே பண்ருட்டி முந்திரி வியாபாரி சிங்காரவேல் இவர்களிடம் வந்தார்.

இப்போது அவர் பக்கத்தில் ஒரு புதியவர் நின்றுகொண்டிருந்தார்.

“சார் கோயம்புத்தூர் பிஸ்கட் கம்பெனி. முதல் தடவையா நம்மகிட்ட முந்திரி எடுக்க வந்திருக்காரு. காலையிலேர்ந்து வெப்சைட்டைக் காட்டலாம்னு பார்க்கறேன், ‘பராமரிப்பில் உள்ளது’ன்னே வந்துகினு இருக்குது. மானமே போச்சு!”

சிலம்பரசன் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினான். மற்ற வெப்சைட்டுகள் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. சிங்காரவேலுடையது மட்டும் மூடியிருந்தது. மூடியது இளவேனில் என்று திரையில் பதிவாகியிருந்தது!

“சார், சர்வர் நல்லாத்தானே...”

“சர்வர் கோளாறு சார்,” என்று இளவேனில் குறுக்கே புகுந்தாள். “தப்பு எங்களோடதுதான். மன்னிச்சிருங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.”

“பரவால்லீங்க, விடுங்க. ரயிலுக்கு நேரமாகுதுங்க,” என்றார் கோவைக்காரர்.

“சாரை விருத்தாசலத்துல வண்டி ஏத்திட்டு வரேன். வந்து கணக்கை முடிச்சிக்கலாம். இனிமே உங்க சங்காத்தமே வேணாம்!”

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தையல் பள்ளிக்கு வெப்சைட் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்த விஜயலட்சுமியும் மெல்ல எழுந்தாள்.

“நான் வீட்டுல கேட்டுட்டு வரேம்மா.”

வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

“ஏன் இளா? இல்லாத கோளாறை எதுக்கு ஒத்துக்கிட்ட? நாம மாசக்கணக்கா நாயா அலைஞ்சு சேர்த்த பேரு இது. அவர் சத்தம் போட்டதும் பயந்துட்டியா?”

“அவர் வரட்டும்டா. முதல்ல அவர்கிட்டதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு கோழையா இவள் என்று சிலம்பரசனுக்கு ஆத்திரமாக வந்தது.

சிங்காரவேல் தனியாகத் திரும்பி வந்தார். இளவேனில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சார், உங்க பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“உங்க ஆபீஸ்லேர்ந்துதான் பேசறோம்னு நேத்து ஒருத்தன் கேட்டானே. சொன்னேன். ஏன்?”

“நாங்க பாஸ்வேர்டு கேக்கவே மாட்டோம் சார். அவன் இன்னிக்குக் காலையில உங்க வெப்சைட்டுக்குள்ள புகுந்து, அட்வான்ஸ் கட்டுற பக்கத்துல உங்க பேங்க் அக்கவுண்ட் நம்பரை எடுத்துட்டு வேற நம்பரைப் போட்டுட்டான். எனக்கு எச்சரிக்கை வந்ததும் வெப்சைட்டையே மூடிட்டேன். அதுக்குள்ள யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கலை, பார்த்துட்டேன். உங்களுக்கும் போன் மேல போன் போட்டேன். நீங்க எடுக்கலை.”

சிங்காரவேலின் முகம் வெளிறியது.

“வெப்சைட்டு ஓடியிருந்தா கோயம்புத்தூரார் இன்னிக்கு அதுலயே அட்வான்ஸ் போட்டிருப்பாரே...” என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். “ஏம்மா, நான் அந்தக் கத்து கத்தினேனே, அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“அவர் முன்னால எப்படி சார் சொல்றது? பாஸ்வேர்டையே காப்பாத்தத் தெரியாதவர்னு உங்களை நினைச்சிட்டா? இது உங்க விஷயம். யார்கிட்ட சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எங்க மேல நம்பிக்கை போனா, கொஞ்ச நாள்ல திரும்பச் சம்பாதிச்சுக்குவோம்.”

சிலம்பரசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிங்காரவேல் திரையில் மூடிக் கிடந்த தன் வெப்சைட்டைப் பார்த்தார். வியாபாரத்தில் தலை நரைத்தவர். வெளியில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ‘நல்லவேளை, வெளிய தெரியாம போச்சு’ என்று எழுந்து போய்விடுவார் என்றுதான் சிலம்பரசன் நினைத்தான்.

அவர் செல்போனை எடுத்தார்.

“சார், வண்டியில சௌகரியமா ஒக்காந்துட்டீங்களா? ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு சொன்னது பொய்ங்க... கோளாறு சர்வர்ல இல்ல, எங்கிட்டதான்.”