மார்பில் ஒட்டிய பட்டை

ரசாயனத்தை உறிஞ்சும் பட்டைகளை முகத்துவாரத்துச் சேற்றில் புதைத்து, ஊறியபின் எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பது பவுலினாவின் வேலை. பாலைச் சோதிக்க, குழந்தை பெற்றவர்கள் எல்லோரும் இப்போது அதே பட்டையை மார்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நர்ஸ் கோமளா பவுலினாவின் பட்டையை உரித்துக் கருவியில் வைத்துப் பார்த்தாள்.

“இனிமே பால் குடுக்காதம்மா. சேத்துல இருக்கிறதெல்லாம் உன் பால்லயும் இருக்கு.”

“இத்தினி நாளா குடிச்சிட்டானேக்கா?”

நர்ஸ் பட்டையை உறையில் போட்டு ஒட்டினாள்.

வீட்டில் கணவன் டெரன்ஸ் புட்டிப்பாலைக் கொடுத்தான். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்து வீறிட்டது. பவுலினாவுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

“நீ கொஞ்சம் வெளியே போ பவுலி,” என்று டெரன்ஸ் கெஞ்சினான். “நீ இருந்தா குடிக்க மாட்டான்.”

தெருமுனையில் போய் நின்றாள். அங்கும் குழந்தையின் அழுகை கேட்டது. அது நின்றபோதுதான் அவள் அழுதாள்.